திருச்சபையில் குல ஆடை: புலம்பெயர்ந்த ஸ்காட்லாந்தியரின் ஓர் ஆராதனை

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் ஸ்காட்லாந்து மரபைப் போற்றும் சபைகள் பலவற்றில், ஆண்டுதோறும் தனிச்சிறப்புள்ள ஆராதனை ஒன்று நடைபெறுகிறது. பேக்பைப் ஒலிக்க, கில்ட் அணிந்தோர் தத்தம் குலத்திற்குரிய டார்ட்டன் துணியை ஏந்திப் பவனியாக வருகின்றனர். டார்ட்டன் என்பது பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று கட்டங்களாக அமையும் கம்பளி நெசவாகும். போதகர் அத்துணிகளின் பேரிலும், அவை குறிக்கும் குடும்பங்களின் பேரிலும் கடவுளின் ஆசியை வேண்டுகிறார். டார்ட்டனைத் திருச்சபைக்குக் கொண்டுவருதல் என்பதே இவ்வாராதனையின் பெயர்ப்பொருள்.

இதன் தோற்றத்தைப்பற்றிக் கூறப்படும் வரலாறு உருக்கமானது. 1746-இல் கல்லோடன் போரில் யாக்கோபைட்டுகள் தோற்றபின், பிரிட்டானியப் பாராளுமன்றம் மலைநாட்டு ஆண்கள் தம் மரபுடையை அணியலாகாது என்று சட்டம் இயற்றியது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை; மீண்டும் செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். அரச படையில் பணியாற்றியோர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782-இல் இத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் டார்ட்டன் துண்டுகளை மறைத்து ஆலயத்திற்குக் கொண்டுசென்று, ஆசியுரையின்போது இரகசியமாகத் தொட்டுக்கொண்டனர் என்பர்.

ஆனால் இதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை. பொருள்களை ஆசீர்வதிப்பதைச் சீர்திருத்த மரபு ஐயத்துடன் நோக்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது. குலத்திற்கு ஒரு டார்ட்டன் என்னும் ஒழுங்கும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றதே. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, சர் வால்ட்டர் ஸ்காட் அமைத்த வரவேற்பு அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தது.

இவ்வாராதனையைத் தொடங்கியவர் பீட்டர் மார்ஷல் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து 1927-இல் அமெரிக்காவில் குடியேறிய இவர், 1937 முதல் வாஷிங்டனில் பிரெஸ்பிட்டேரியன் போதகராக இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, துன்புற்ற தாய்நாட்டிற்குப் புலம்பெயர்ந்தோரின் ஆதரவைத் திரட்டுவதே அன்றைய தேவையாக இருந்தது. ஆகவே, இது ஸ்காட்லாந்தின் பழமையன்று. அந்நிய மண்ணில் பிறந்த ஏக்கத்தின் வெளிப்பாடு எனலாம்.

அவ்வாறாயின் இதனைத் தள்ளிவிட வேண்டுமா? அவ்வாறு நாம் கருதவில்லை. வெளிப்படுத்தல் 7-ஆம் அதிகாரத்தின் காட்சியில் கோத்திரங்களும் மொழிகளும் அழிக்கப்படவில்லை. சிங்காசனத்தின் முன் கூடி நிற்கின்றன. முன்னோர்க்காக நன்றி செலுத்துவது தகுதியே. எனினும் இரண்டு காரியங்கள் அவசியம். முதலாவது, உண்மை. கட்டுக்கதையை வரலாறாகப் பிரசங்கபீடத்தில் உரைத்தல் தகாது. இரண்டாவது, யாருடைய மரபு என்னும் கேள்வி. அமெரிக்காவில் குடியேறிய ஸ்காட்லாந்தியருள் அடிமைகளை வைத்திருந்தோரும் உண்டு. அதனால் கேம்ப்பெல் போன்ற குலப்பெயர்களைத் தாங்கும் கறுப்பின மக்கள் பலர் இன்றும் உள்ளனர். அப்பெயருக்குரிய துணி உயர்த்தப்படும்போது அவர்களுக்கும் அப்பவனியில் இடமுண்டா?

இக்கேள்விக்கு விடையளிக்கும் சபையில் அத்துணி நன்றிபலியின் அடையாளமாகும். அதைக் கேட்கவும் மறுக்கும் சபையில் அது பிரிவினைச் சுவராகவே நிற்கும்.