லீவு லெட்டர் நாடகக் குழு!

மே மாசம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்? செமஸ்டர், அரியர், ஸ்டடி ஹாலிடேஸ்ல தூங்கின தூக்கம், ரிசல்ட் வர்றதுக்குள்ள போட்டுட வேண்டிய கொடைக்கானல் ட்ரிப்... கரெக்ட்டா? ஆனா, தஞ்சாவூர்ல இருந்து இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற மெலட்டூர்காரங்களுக்கு இந்த சீசன்னாலே ஒரே ஒரு அர்த்தம்தான். விடிய விடிய நாடகம்!

ஸ்டேஜ்ல ஹிரண்யகசிபுவா மிரட்டுறவர் பகல்ல பேங்க்ல டோக்கன் கொடுக்கிறவரா இருக்கலாம். பட்டுப்புடவை, ஜடை, நகை எல்லாம் போட்டு ராணியா வந்து கண்கலங்க வைக்கிறவர், போன வாரம் வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து 'கோட்' அடிச்சவரா இருக்கலாம். இதுல யாருக்கும் நாடகம் தொழில் இல்லை. வருஷா வருஷம் ஆபீஸ்ல லீவு லெட்டர் கொடுத்துட்டு, சொந்த ஊருக்கு வந்து நடிச்சிட்டுத் திரும்புற 'பார்ட் டைம்' கலைஞர்கள். இந்த நாடகத்துக்குப் பேரு பாகவத மேளா. இதோ, அடுத்த சீசன் வந்துட்டே இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒரு ட்ரெய்லர் பார்த்துடலாமா?

நம்ம ஊர் மியூசிக்கல்!

பிராட்வே மியூசிக்கல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வசனம், பாட்டு, டான்ஸ் எல்லாம் கலந்து கதை சொல்றது. அதே சமாச்சாரத்தை தஞ்சாவூர் ஜில்லாவுல எத்தனையோ தலைமுறையா பண்ணிட்டு இருக்காங்க. கர்னாடக சங்கீதம், பரதநாட்டியத்துக்கு ரொம்ப நெருக்கமான ஆட்டம், நடிகர்களே பேசுற வசனம்னு மூணும் சேர்ந்ததுதான் பாகவத மேளா. இதுல ஒரு ட்விஸ்ட், நாடகம் முழுக்கத் தெலுங்கு!

தமிழ்நாட்டு கிராமத்துல தெலுங்கு எப்படி? கொஞ்சம் ஹிஸ்டரி. பயப்படாதீங்க, இன்டர்னல் டெஸ்ட்ல கேட்க மாட்டாங்க. தஞ்சாவூரை ஆண்ட நாயக்க மன்னர்களோட அரசவையில தெலுங்குக்குத்தான் முதல் மரியாதை. அதுல அச்சுதப்ப நாயக்கர், 16-ம் நூற்றாண்டு வாக்குல, கலை தெரிஞ்ச குடும்பங்களுக்கு இந்த ஊரையே தானமா கொடுத்தார்னு வழிவழியா சொல்றாங்க. குடும்பத்துக்கு ஒரு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் நிலம். அதனால ஊருக்கு அச்சுதபுரம்னு இன்னொரு பேரும் உண்டு.

இப்போ நடிக்கிற நாடகங்களை எழுதினவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. தியாகராஜ சுவாமிகளோட காலத்துல, அவருக்கு மூத்தவரா வாழ்ந்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரா, மார்க்கண்டேயா, ருக்மாங்கதா, ருக்மிணி கல்யாணம், கம்ச வதம்னு வரிசையா எழுதித் தள்ளியிருக்கார். இன்னிக்கும் இந்த லிஸ்ட்ல இருந்து எடுத்துத்தான் ஒவ்வொரு வருஷமும் சீசன் போடுறாங்க. ஆனா, ஓப்பனிங் எப்பவும் ஒண்ணுதான். நரசிம்ம ஜெயந்தி அன்னிக்கு ராத்திரி பிரகலாத சரித்திரம். அதுக்கப்புறம்தான் மத்த நாடகங்கள்.

ராத்திரி என்ன நடக்கும்?

ஏ.சி. ஆடிட்டோரியம், குஷன் ஸீட்னு எதிர்பார்த்துட்டுப் போகாதீங்க. வரதராஜப் பெருமாள் கோயில் தெருவுல பந்தல் போட்டிருப்பாங்க. அதுதான் தியேட்டர். ஊரே சாப்பிட்டு முடிச்சு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

முதல் என்ட்ரி ஹீரோவுக்கு இல்லை, கோணங்கிக்கு! கூம்புத் தொப்பி போட்டுக்கிட்டு குதிச்சுக் குதிச்சு ஆடி, கூட்டத்தை 'சைலன்ஸ்' ஆக்குறது அவரோட வேலை. கல்ச்சுரல்ஸ்ல மைக் பிடிச்சு, 'கொஞ்சம் அமைதியா இருங்க ஃப்ரெண்ட்ஸ்'னு கத்துறோமே, அதை இவங்க ஒரு கேரக்டராவே வெச்சிருக்காங்க. அடுத்து தோடய மங்களம் பாடுவாங்க. அப்புறம் யானை முக முகமூடி போட்டுக்கிட்டு ஒரு குட்டிப் பையன் பிள்ளையாரா வந்து ஆடிட்டுப் போவான். கட்டியக்காரன் வந்து யார் வரப்போறாங்கனு அறிவிப்பான். அதுக்கப்புறம்தான் கதை.

ஒவ்வொரு பாத்திரமும் சும்மா நடந்து வந்து நிக்காது. அதுக்குன்னே 'பாத்திரப் பிரவேச தரு'னு தனிப் பாட்டு உண்டு. இப்போ நம்ம ஸ்டார்களுக்கு இன்ட்ரோ ஸாங் வைக்கிறாங்களே... அதுக்கு இவங்கதான் சீனியர்! ராஜான்னா கம்பீரமான நடை, ராணின்னா நளினம், பாம்பாட்டி வந்தா காமெடி. யார் வந்திருக்காங்கனு தாளத்துலயே தெரிஞ்சிடும். அதனால தெலுங்கு தெரியாதேன்னு கவலைப்படாதீங்க. பிரகலாதன் கதை தெரியாத ஆள் யாரு? 'தசாவதாரம்' பார்த்த எஃபெக்ட்ல உட்கார்ந்தா போதும்.

நள்ளிரவு தாண்டித் தூக்கம் கண்ணைச் சுழட்டும்போதுதான் கதை சூடு பிடிக்கும். 'உன் ஹரி எங்கடா இருக்கான்?'னு அப்பன் கேட்க, எல்லா இடத்துலயும்னு பிள்ளை சொல்ல, விடியற நேரம் நெருங்கும்போது நரசிம்மர் வருவார். வர்றவர் போட்டிருக்கிறது சாதாரண முகமூடி இல்லை. வருஷம் பூரா பூஜையில இருக்கிற பழைய முகமூடி. அதைப் போடுறவர் விரதம் இருந்துதான் போடுவார். போட்ட பிறகு அவரை நாலஞ்சு பேர் பிடிச்சு நிறுத்த வேண்டியிருக்கும். எதிர்ல நிக்கிற பாட்டிங்க கை கூப்புவாங்க. நாடகம் எங்க முடிஞ்சது, சாமி எங்க ஆரம்பிச்சதுனு அந்த நிமிஷம் யாருக்கும் கேட்கத் தோணாது. நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்த க்ளைமாக்ஸ் உங்களைச் சும்மா விடாது.

சம்பளம் இல்லை... சான்ஸ் உண்டு!

பாகவத மேளாவுல எல்லா வேஷமும் ஆண்களுக்குத்தான். பிரகலாதனோட அம்மா லீலாவதி, உஷா, சந்திரமதி எல்லாருமே ஆண்கள்தான். பாரம்பரியமா ஊரின் பாகவதர் குடும்பங்கள்ல இருந்துதான் நடிகர்கள் வர்றாங்க. சின்னப் பையனுக்குச் சின்ன வேஷம், வளர வளரப் பெரிய வேஷம்னு இதுல புரமோஷனும் உண்டு. சம்பளம்? அது மட்டும் கிடையாது.

யோசிச்சுப் பாருங்க. வீட்டுல பேசாத பாஷையில பக்கம் பக்கமா வசனம். கூடவே ராகம், தாளம், அபிநயம். மனப்பாடம் பண்ணி ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கணும். நாம 'தெர்மோடைனமிக்ஸ்' ஃபார்முலா பத்தை மூணு மணி நேரம் மண்டையில வெச்சிருக்கவே முழி பிதுங்குது!

இங்க சில கேள்விகளும் வரும். வரணும். பொண்ணுங்க ஏன் ஆடக் கூடாது? குறிப்பிட்ட குடும்பங்களைத் தாண்டி மத்தவங்க ஏன் வரக் கூடாது? விழா நாட்கள்ல வெளியூர்ல இருந்து வர்ற பெண் கலைஞர்களோட நடன நிகழ்ச்சிகள் நடக்குது. ஆனா, பாகவத மேளா வேஷம் மட்டும் இன்னும் ஆண்களுக்குத்தான். 'மரபு அப்படித்தான்'னு ஒரு தரப்பு சொல்லும். 'அப்போ மரபை எடுத்துட்டுப் போக ஆள் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?'ன்னு இன்னொரு தரப்பு கேட்கும். இன்னொரு பக்கம், சென்னை கலாக்ஷேத்ராவுல ருக்மிணி தேவி இதே பாகவத மேளா நாடகங்களை எடுத்து, மெலட்டூர் பாலு பாகவதர் உதவியோட மேடை ஏத்தினாங்க. அங்க பொண்ணுங்களும் ஆடினாங்க. கலை கெட்டுப் போகலையே! அதையும் மனசுல வெச்சுக்கிட்டே பாருங்க.

பார்ட் டைம் பரம்பரை

'வேலையும் பார்த்துக்கிட்டு நாடகமும் போட முடியுமா?'ன்னு உங்க அப்பா கேட்டா, இந்த மூணு பேரைச் சொல்லுங்க.

பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல 'சுகுண விலாச சபா' ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 18 தான். அப்புறம் வக்கீல் ஆனார், நீதிபதி ஆனார். நாடகத்தை மட்டும் விடலை. கே.பாலசந்தர் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டேதான் 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' நாடகங்களைப் போட்டார். நம்ம ஜாதி, அதாவது இன்ஜினீயரிங் ஜாதி, கிரேசி மோகன்! கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சப்போ, 1972-ல காலேஜ்களுக்கு இடையிலான போட்டிக்கு நாடகம் எழுதினவர். வேலைக்குப் போய்க்கிட்டே எழுதி, 1979-ல 'கிரேசி கிரியேஷன்ஸ்' தொடங்கினார். 2019-ல அவர் மறைஞ்ச பிறகும் அவரோட காமெடிக்கு நாம சிரிச்சிட்டுத்தான் இருக்கோம்.

மெலட்டூர்காரங்க இந்த லிஸ்ட்ல இருந்து ஒரு விஷயத்துல வித்தியாசப்படுறாங்க. பாலசந்தர் வேலையை விட்டுட்டு சினிமாவுக்குப் போனார். மெலட்டூர்ல நடிக்கிறவருக்கு இந்த நாடகம் வேற எங்கேயும் போறதுக்கான படிக்கட்டு இல்லை. சினிமா சான்ஸ் வராது, சீரியல் சான்ஸ் வராது. திரும்ப வர்றதுக்கு மட்டும்தான் இது உதவும்!

அறுந்த கயிறும் அறுகாத கயிறும்

இதே கலை சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர்னு பக்கத்து ஊர்கள்லயும் இருந்துச்சு. சாலியமங்கலத்துலயும் தேப்பெருமாநல்லூர்லயும் தாக்குப் பிடிச்சு நிக்குது. மத்த ஊர்கள்ல தொடர்ச்சி அறுந்து போச்சு. காரணம், ஆடியன்ஸ் இல்லாதது இல்லை. 1855-ல தஞ்சை மராட்டிய அரச பரம்பரை முடிவுக்கு வந்ததும் ஆதரவு போச்சு. அப்புறம் படிப்பு, வேலைன்னு குடும்பம் குடும்பமா பட்டணத்துக்குக் கிளம்பினாங்க. ஹிரண்யகசிபு மெட்ராஸ் போனான், பிரகலாதன் பம்பாய் போனான். நாடகம் யாரை வெச்சு நடக்கும்?

மெலட்டூர்லயும் 20-ம் நூற்றாண்டோட முதல் பாதியில தொய்வு விழுந்துச்சு. கணேச அய்யர் மாதிரி ஊர்க்காரங்க வேஷக்காரங்களைத் தேடிப் பிடிச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. இதை வெளியுலகத்துக்குச் சொன்னவர்கள்ல முக்கியமானவர் வக்கீல் ஈ.கிருஷ்ணய்யர். பரதநாட்டியத்துக்காகப் போராடினவர். தானே பெண் வேஷம் போட்டு ஆடிக் காட்டினவர். அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த குரு, மெலட்டூர் நடேச அய்யர்தான்! இன்னிக்கு அந்த ஊர்ல ஒண்ணுக்கு ரெண்டு குழுக்கள் தனித்தனியா விழா நடத்துறாங்க.

ஸோ, ஊரை விட்டுப் போனதால செத்துப் போக வேண்டிய கலை, போனவங்க திரும்பி வர்றதால உயிரோட இருக்கு. ஸ்பான்சர் வரலாம், டி.வி. கேமரா வரலாம். ஆனா, ஹிரண்யகசிபுவுக்கு மேனேஜர் லீவு சாங்ஷன் பண்ணலைன்னா சீசன் அம்பேல்! ஒரு கலையோட எதிர்காலம் ஒரு லீவு லெட்டர்ல தொங்குது பாருங்க.

இங்கதான் மேட்டர் நம்ம பக்கம் திரும்புது. கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆகி நீங்க பெங்களூரு போவீங்க, நான் புனே போவேன், நம்ம க்ளாஸ் டாப்பர் டெக்ஸாஸ் போவான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் டிக்கெட் தேடுவோம். வந்து என்ன பண்ணுவோம்? டி.வி. பார்ப்போம், தூங்குவோம், திரும்புவோம். 'நீ வரலைன்னா இது நடக்காது'ன்னு நம்ம ஊர்ல நமக்காக ஏதாவது ஒண்ணு காத்திருக்கா? கூத்தோ, கபடி டீமோ, லைப்ரரியோ, கோயில் மேளமோ... ஏதாவது ஒண்ணு. இல்லைன்னா, டிகிரி முடிக்கிறதுக்குள்ள ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வெச்சுக்கோங்க. மெலட்டூர்ல ஒரு ராத்திரி உட்கார்ந்தா, அதோட மதிப்பு தானா புரியும்.

கிளம்பறவங்களுக்கு டிப்ஸ்...

* நரசிம்ம ஜெயந்தி இங்கிலீஷ் தேதிக்கு வருஷா வருஷம் மாறும். ஏப்ரல் கடைசியிலோ மே மாசத்துலயோ வரும். அமாவாசைக்கு அப்புறம் வர்ற வளர்பிறை சதுர்த்தசி. காலண்டர்ல பார்த்து, எக்ஸாம் டைம்டேபிளோட ஒத்துப் போகுதான்னு செக் பண்ணிக்கோங்க.

* தஞ்சாவூர் வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பஸ். டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது. நாடகம் ஃப்ரீ!

* மதியம் நல்லா தூங்கிட்டுப் போங்க. பாதியில எழுந்து வந்தா நரசிம்மரை மிஸ் பண்ணிடுவீங்க.

* கதையை முன்னாடியே ஒரு தடவை படிச்சிட்டுப் போனா, தெலுங்கு தடையா இருக்காது.

* செல்போனை சைலன்ட்ல போடுங்க. ஃப்ளாஷ் வேண்டாம். இருட்டுல வேஷக்காரர் கண்ணுல வெளிச்சம் அடிச்சா, அவர் தாளத்தை விடுவார்.

* நாடகம் முடிஞ்சதும் ஓடிடாதீங்க. வேஷம் கலைச்சிட்டு வர்ற ராணிகிட்ட, 'எப்போ ஆபீஸ் போகணும்?'னு கேட்டுப் பாருங்க. கதையோட அடுத்த பாகம் அவர் பதில்லதான் இருக்கு!