கொலிஸ்டினுக்குத் தடை: பண்ணை வரை எட்டுமா?

புது தில்லி: பிற ஆன்டிபயாடிக் மருந்துகள் பலனளிக்காத நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் கடைசியாக நாடும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதே மருந்து, கால்நடைகளையும் கோழிகளையும் விரைவில் வளர்த்தெடுப்பதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளின் பயன்பாட்டுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது.

உலகை எச்சரித்தவை சீனத்துப் பன்றிகள். கொலிஸ்டினைச் செயலிழக்கச் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணு அங்கு பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் காணப்பட்டதாக 2015 நவம்பரில் ஆய்வு வெளியானது. பாக்டீரியாவுக்கு பாக்டீரியா தாவக்கூடிய மரபணு அது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2017-ல் சீனாவே நிறுத்தியது.

நம் நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி பன்றிகள் சுமார் 90.6 லட்சம், அஸ்ஸாமில் மட்டும் ஏறத்தாழ 21 லட்சம். வடகிழக்கில் பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் இரண்டு, மூன்று என்று வளர்ப்பவர்களே அதிகம்.

மருந்தைத் தடை செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. ஆனால், கால்நடை நோய்த் தடுப்பும் கால்நடை மருத்துவமும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருந்துக் கடைக்கு உரிமம் வழங்குவதும் மாநிலமே. அவையில் கேள்வி எழுந்தால், "மாநிலம் சார்ந்த விஷயம்" என்று அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள இது போதும்!

டென்மார்க் வேறு வழியில் சென்றது. மருந்து விற்பனையில் கால்நடை மருத்துவர்கள் பெறும் லாபத்துக்கு 1995-ல் வரம்பு கட்டியது. எழுதிக் கொடுப்பவரே விற்று லாபம் பார்த்தால் மருந்து எப்படிக் குறையும்? வளர்ச்சிக்காகப் பன்றிகளுக்கு ஆன்டிபயாடிக் தருவது 2000-க்குள் அங்கு முடிவுக்கு வந்தது. பால் மறந்த குட்டிகளுக்குத் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு கூடி, சிகிச்சைக்கான மருந்து அதிகரித்தது உண்மை. எனினும் பன்றி உற்பத்தி சரியவில்லை. 2010 முதல், வரம்பை மீறும் பண்ணைகளுக்கு "மஞ்சள் அட்டை" எச்சரிக்கையும் தரப்படுகிறது. எந்தப் பண்ணையில் எவ்வளவு மருந்து என்ற பதிவேடு இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது.

இங்கு கண்காணிப்பின் பெரும்பகுதி உணவில் தங்கும் மருந்தின் எச்சத்தை அளப்பதாகவே இருக்கிறது. மருந்தை நிறுத்திச் சில நாள்களில் எச்சம் மறையக்கூடும். எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி சாணத்திலும் நீரிலும் எஞ்சிவிடும்.

இதற்கிடையே 2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. வைரஸால் வருவதால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்குப் பலிக்காது. இறைச்சி கலந்த எச்சில் உணவைக் கொடுக்காமல் தவிர்ப்பது, புதிதாக வாங்கிய குட்டிகளைச் சில வாரம் தனியே கட்டுவது, வெளியாள்களைத் தொழுவத்துக்குள் விடாதிருப்பது ஆகியவையே தடுப்பு வழிகள். பிற நோய்களையும் மருந்துச் செலவையும் குறைப்பவை இவையே. இவற்றைக் கொல்லைக்கே வந்து சொல்லித்தர வேண்டியவர் மாநில அரசின் கால்நடை மருத்துவர்.