கொட்டில் தூண்: அளவும் தரமும்

நுவரெலியா, அட்டன் பகுதிகளில் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் பயிரிடுவோர் விதைக்கிழங்கைச் சேமிக்கவும் மரக்கறியைப் பொதி செய்யவும் மரக்கொட்டில் அமைக்கின்றனர். தேயிலை மலைகளில் வளரும் யூக்கலிப்டசும் நிழல்மரமாகிய கிரவில்லியாவும் இதற்குத் தூண்களாகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டில் சரியுமாயின் அடுத்த போகத்துக்குரிய விதையே அழிந்துபோம். ஆதலின் தூணுக்கு மரம் தெரிவதில் கருத்தூன்றல் வேண்டும்.

தூண் இருவகையிற் கெடும். குட்டையும் பருமனுமான தூண், சுமை மிகுந்தால் நசுங்கும். நெடிதும் மெலிதுமான தூணோ, நசுங்குமுன்னரே பக்கவாட்டில் வளைந்து முறியும். இவ்வளைவின் கணக்கை 1744ஆம் ஆண்டில் ஒயிலர் என்னும் சுவிற்சர்லாந்துக் கணித அறிஞர் வெளியிட்டார். அதன்படி, மெலிந்த சதுரத் தூணின் பக்க அளவை இரட்டித்தால் அது தாங்கும் சுமை 16 மடங்காகும். உயரத்தை இரட்டித்தால் நான்கிலொரு பங்காகக் குறையும்.

மரக்காலையில் 4 அங்குலச் சதுரமென வாங்கிய மரம், தச்சர் சீவிய பின் 3½ அங்குலமாக நிற்பதுண்டு. அரை அங்குலந்தானே என எண்ணற்க. நெடிய தூணாயின் அதன் தாங்குவலு 100இலிருந்து ஏறக்குறைய 59 ஆகிவிடும். வடிவமும் நோக்கத்தக்கது. 6 அங்குலத்துக்கு 2 அங்குலப் பலகையிலும் 4 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டத்திலும் உள்ள மரம் ஒரே அளவே. ஆயினும் பலகை தன் மெலிந்த பக்கமாக வளைவதால், சட்டம் தாங்குவதிற் பாதியும் தாங்காது.

இனித் தரம். அமெரிக்க மரவிதிகளில் டக்ளஸ் பர் மரத்துக்கு, நசுங்காது தாங்கும் வலிமை சதுர அங்குலத்துக்கு உயர்தரத்தில் 1,700 இறாத்தல். மூன்றாந்தரத்தில் 775 இறாத்தல். இது பாதிக்கும் குறைவு. ஆனால் வளையாது நிற்கும் விறைப்போ, அவ்விரு தரங்களுக்கிடையே ஏறத்தாழ நாலிலொரு பங்கே குறைகிறது. எங்கள் மரங்களுக்கு இவ்வெண்கள் பொருந்தா, காரணம் பொருந்தும். வலப்பனைப் பக்கத்து நெற்களஞ்சியத்தைத் தாங்கும் குட்டைக் கால்களுக்கு நல்ல தரமே முதன்மை. 12 அடி உயரக் கொட்டில் தூணுக்கோ, தரத்துக்கெனக் கூடுதல் பணம் கொடுப்பதிலும் பருமனுக்குக் கொடுப்பதே இலாபம்.

தரத்தை முத்திரை பார்த்தன்றிக் கண்ணாலேயே அறியலாம். பெருங்கணு, அதிலும் தூணின் நடுப்பகுதியில் விளிம்பையொட்டிய கணு, ஆகாது. ஓரடி நீளத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இழை சாய்ந்த மரத்தை விலக்குக. யூக்கலிப்டஸ் காயும்போது வெடிக்கும், முறுகவுங் கூடும். ஈரமரம் காய்ந்த மரத்திலும் வலிமை குன்றியது. ஆகவே வெட்டியவுடன் நடாமல், நிழலில் அடுக்கிக் காயவைத்தே பயன்படுத்துக.

பருத்த மரம் கிடையாதாயின், தூணின் நடுவுயரத்தில் இரு திசையிலும் குறுக்குச் சட்டம் பொருத்தி, அச்சட்டங்களைக் கொட்டில் மூலைகளிற் சாய்சட்டத்தால் இறுக்குக. ஒரு திசையில் மட்டும் கட்டினாற் பயனில்லை; தூண் மற்றத் திசையில் வளையும். இருபுறமும் கட்டினால் வளையும் நீளம் பாதியாகி, மெலிந்த தூணின் தாங்குவலு நான்கு மடங்குவரை உயரும். சில அடிச் சட்டமும் ஆணியுமே செலவு.

மண்ணில் நேரே ஊன்றிய தூண் நிலமட்டத்திலேயே முதலில் உக்கும். அங்கே சுற்றிலும் அரை அங்குலம் உக்கினால் 4 அங்குலத் தூண் 3 அங்குலத் தூணாகிவிடும். கொங்கிறீற்றுப் பீடத்தின்மேல் இரும்புப் பட்டத்தாற் பிணைத்து நிறுத்துக. மழைக்காலம் தொடங்குமுன் அடிமரத்தைக் கத்திமுனையாற் குத்திப் பார்க்கவும்.