ஐ.பி. டிப்ளோமா: காணியை ஈடு வைத்துப் படிக்க வேண்டியதா?

கடந்த மாதம் கட்டைபறிச்சானில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு தாய் வந்திருந்தார். சம்பூரைச் சேர்ந்தவர். 2006 இல் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக ஒன்பது வருடம் இருந்து, 2015 இல்தான் சொந்தக் காணிக்குத் திரும்பியவர். முகாமில் பிறந்த மகள் இப்போது சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள்.

ரொறன்ரோவில் இருக்கும் தாய்மாமன் தொலைபேசியில் சொன்னாராம்: "இங்க என்ட மகன் ஐ.பி. படிக்கிறான். பிள்ளையக் கொழும்புக்கு அனுப்பி அதப் படிக்க வைங்க. நானும் கொஞ்சம் காசு அனுப்புறன்."

தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "காணிய ஈடு வைச்சா மிச்சக் காசச் சமாளிக்கலாம் சேர். வைக்கட்டுமா?"

"வேண்டாம் அக்கா" என்றேன். ஆனால் அந்தப் படிப்பு பிரயோசனமற்றது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான சில விடயங்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை. அன்று அவருக்கு விளங்கப்படுத்தியதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஐ.பி. என்றால் என்ன?

இன்ரர்நஷனல் பக்கலோரியேற் என்பதன் சுருக்கமே ஐ.பி. 1968 இல் சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அமைப்பு இதை நடத்துகிறது. பெற்றோரின் தொழில் காரணமாக நாடு விட்டு நாடு மாறும் பிள்ளைகள் எந்த நாட்டிலும் பல்கலைக்கழகம் செல்லக்கூடியதாக ஒரு பொதுச் சான்றிதழ் வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். தமிழ்நாட்டில் கொடைக்கானல் சர்வதேச பாடசாலை 1976 இலேயே இதை ஆரம்பித்துவிட்டது.

டிப்ளோமா இரண்டு வருடப் படிப்பு. எங்கள் உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள், இதில் ஆறு. மொழி இலக்கியம், இன்னொரு மொழி, சமூக விஞ்ஞானம், விஞ்ஞானம், கணிதம் ஆகியவற்றோடு கலைப் பாடம் ஒன்றை அல்லது அதற்குப் பதிலாக வேறொரு பாடத்தை எடுக்கலாம். வழமையாக மூன்று பாடங்களை உயர் மட்டத்திலும் மூன்றைச் சாதாரண மட்டத்திலும் படிக்க வேண்டும். பாடசாலையில் தாய்மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் அதன் இலக்கியத்தைச் சுயகற்கையாகப் படிக்கவும் வழி உண்டு.

ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளிகள், ஆறுக்கும் 42. மேலதிகமாக 3 புள்ளிகள். மொத்தம் 45. டிப்ளோமா பெறக் குறைந்தது 24 புள்ளிகளோடு வேறு சில நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் ஏன் மதிக்கின்றன?

ஆறு பாடங்களுக்கு அப்பால் மூன்று கட்டாய வேலைகள் இருக்கின்றன. முதலாவது, விரிவான கட்டுரை. மாணவர் தானே ஒரு கேள்வியைத் தெரிவு செய்து, ஆராய்ந்து, 4,000 சொற்களுக்குள் எழுத வேண்டும். ஆசிரியர் வழிகாட்டுவார், எழுதித் தர மாட்டார். இரண்டாவது, அறிவுக் கோட்பாடு. "இது உண்மை என்று எப்படித் தெரியும்? யார் சொன்னது? ஆதாரம் என்ன?" என்று கேட்கப் பழக்கும் பாடம். மூன்றாவது, ஆக்கம், செயற்பாடு, சேவை. வகுப்புக்கு வெளியே சமூகத்தோடு வேலை செய்து அதைப் பதிவு செய்ய வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்திலேயே கேட்கப்படுவது இதுதான்: சொந்தமாகக் கேள்வி கேள், தேடு, எழுது, எங்கிருந்து எடுத்தாய் என்று சொல். ஐ.பி. படித்தவர் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டே போகிறார். உயர் மட்டப் பாடங்களில் நல்ல புள்ளி பெற்றவர்களுக்குக் கனடா, அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் முதல் வருடப் பாடங்கள் சிலவற்றிலிருந்து விலக்கும் கொடுக்கின்றன.

இதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. 2006 ஆவணியில் உயர்தரப் பரீட்சைக் காலத்தில்தான் நாங்கள் வாகரைப் பக்கம் நடந்தோம். அடுத்த வருடம் பரீட்சை எழுதி, மாவட்டக் கோட்டாவில் பல்கலைக்கழகம் போனேன். முதல் ஒப்படைக்கு மூன்று புத்தகங்களைப் பார்த்து அழகான கையெழுத்தில் பிரதி பண்ணிக் கொடுத்தேன். விரிவுரையாளர் திருப்பித் தந்து, "இதில் உன்னுடைய கேள்வி எங்கே?" என்றார். கேள்வி கேட்பது மாணவனின் வேலை என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த வருடத்தை இழுத்துக் கடந்தேன். என்னோடு வந்த ஒருவன் இடையில் விட்டுவிட்டு ஊர் திரும்பினான்.

அப்படியானால் ஏன் வேண்டாம்?

மாமன் தன் இடத்தை வைத்துச் சொல்கிறார். கனடாவில் சில அரச பாடசாலைகளிலேயே ஐ.பி. இருக்கிறது. இலங்கையில் கட்டணம் அறவிடும் மிகச் சில சர்வதேச பாடசாலைகளில் மட்டுமே உண்டு. ஒரு வருடக் கட்டணம் எங்கள் பகுதி ஆசிரியர் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தைவிடப் பல மடங்கு. போதனையும் ஆங்கிலத்தில்தான்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களோ உயர்தர இசட் புள்ளியை வைத்தே மாணவரைச் சேர்க்கின்றன. பல கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் தெரிவு நடக்கிறது. மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. ஐ.பி.க்குப் போகும் பிள்ளை இந்த வாசலை விட்டு விலகிப் போகிறது. வெளிநாட்டில் அனுமதி கிடைத்தாலும் அங்கும் கட்டணம் காத்திருக்கும். முழுப் புலமைப்பரிசில் கையில் இருந்தால் கதை வேறு. காணியை ஈடு வைத்து எடுக்கும் முடிவு அல்ல இது.

இங்கேயே செய்யக்கூடியவை

உயர்தரம் படிக்கும்போதே இரண்டு வருடத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதலாம். தலைப்புக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. கோடையில் எந்தக் கிணறுகள் உவர்க்கின்றன, ஏன்? 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் எழுதியதற்கும் ஊரில் சொல்லப்படும் கதைக்கும் என்ன வேறுபாடு? சம்பூர் அனல் மின் நிலையத் திட்டம் 2016 இல் ஏன் கைவிடப்பட்டது? கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

விஞ்ஞானம் படிப்பவர் விஞ்ஞானத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதும் இல்லை. திருகோணமலையில் கல்விப் பணி செய்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. பண்டைய யாழை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது.

"யார் சொன்னது, எப்படித் தெரியும்?" என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. 2006 இல் வானொலியில் ஒன்று கேட்டோம், கண்ணால் இன்னொன்று கண்டோம். அந்தச் சந்தேகத்தை வெறும் கோபமாக விடாமல், ஆதாரம் தேடும் பழக்கமாக மாற்றிக் கொடுப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை.

சேவைக்கும் இடம் இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வாசிப்புச் சொல்லிக் கொடுக்கலாம். இடம்பெயர்வு பற்றி முதியவர்கள் சொல்வதை அவர்களின் சம்மதத்தோடு எழுதி வைக்கலாம். வாரம் இரண்டு மணித்தியாலம் போதும். பாடப் படிப்பு கெடக் கூடாது. தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசிப்பதும் சேரட்டும்.

தாய் உறுதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். போன ஞாயிறு மகள் ஒரு அப்பியாசக் கொப்பியோடு வந்தாள். அயலில் உள்ள பதினொரு கிணறுகளின் விபரம் அதில் இருந்தது. "சேர், ரெண்டு கிணறு பக்கத்தில பக்கத்தில இருக்கு. ஒண்டு உவர், மற்றது நல்ல தண்ணி. ஏன்?" என்றாள்.

எனக்கும் பதில் தெரியாது. அதையே தலைப்பாக எழுதிக்கொள் என்றேன்.