வெள்ளம் நிற்கும் வளவுக்கு எந்தக் கதியால்?

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் நானும் ஒருத்தி. அடுத்த ஆண்டு சித்திரையில் இரண்டு பெண் பிள்ளைகளுடன் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையில் பாதி இருந்தது. வேலி அடியோடு இல்லை. கதியால்கள் எல்லாம் விறகாகிப் போயிருந்தன.

கணவரை இழந்த வீட்டுக்கு வேலி என்பது எல்லை மட்டுமல்ல. கிணற்றடியில் குளிக்க ஒரு மறைப்பு. இரவில் கண்மூட ஒரு தைரியம். எல்லை அழிந்தால் காணிப் பிணக்கும் பின்னால் வரும். ஆகவே முதல் வேலையாக வேலி போட நினைத்தேன்.

எங்கள் வளவு வழுக்கியாற்றுப் பக்கத்துப் பள்ளக்காணி. தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியைச் சேரும் அந்த ஆறு மாரியில் மட்டுமே ஓடும். அப்போது எங்கள் பின்வளவில் நாட்கணக்கில் தண்ணீர் நிற்கும். இதை யோசியாமல் சுற்றிவரக் கிளுவையும் சீமைக்கிளுவையும் நட்டேன். மேட்டுப் பக்கத்தில் நன்றாகத் தளிர்த்தன. பள்ளத்தில் நட்டவை மார்கழிக்குள் அழுகிவிட்டன. கையால் இழுக்கவே வந்தன. கடன்பட்டு வாங்கிய கதியால்கள் அவை.

பக்கத்து வளவு ஆச்சி வந்து பார்த்தார். “பிள்ளை, நிலத்தைப் பார்த்தெல்லோ கதியால் போடவேணும். வாய்க்கால் கரையில தானா நிக்கிறது எதெண்டு போய்ப் பார்” என்றார்.

போய்ப் பார்த்தேன். பூவரசும் நொச்சியும் தாழையும் நின்றன.

காரணம் எளிது. வேரும் மூச்சு விடவேண்டும். மண்ணின் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகும். வரண்ட நிலத்துக்குரிய கிளுவைக்கும் முருங்கைக்கும் இது ஆகாது. கடலோர மரமான பூவரசு ஈரத்தையும் ஓரளவு உவரையும் தாங்கும்.

நான் செய்த முறை இது. முதலில் வேலி வரிசையில் ஒரு முழ உயரத்துக்கு மண் அணைத்து வரம்பு கட்டினேன். உட்பக்கம் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஒழுங்கை வாய்க்காலுக்கு விட்டேன். வெள்ளம் வடிந்தபின் தை மாதம், மண் ஈரமாக இருக்கும்போதே நட்டேன். மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய பூவரசந் தடிகளை ஐந்தடி நீளத்தில், அடியைச் சரிவாக வெட்டி, நுனியில் சாணி அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் இறுக்கினேன். அடி நுனி மாறக்கூடாது. இடையிடையே நொச்சி வைத்தேன். அதை ஆடு கடிப்பது குறைவு. மிகவும் தாழ்ந்த மூலைக்குத் தாழை. அது அகலமாகப் படரும், முள்ளும் உண்டு. ஆகவே நடைபாதை ஓரத்தில் வேண்டாம். கோடையில் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினேன். பூவரசு பெரிய மரமாகக்கூடியது என்பதால் கிணற்றுக்கும் சுவருக்கும் தள்ளியே நட்டு, ஆண்டுதோறும் வெட்டிவிடுகிறேன். வெட்டும் குழை ஆட்டுக்கும், தோட்டத்தில் தாழ்க்கவும் உதவுகிறது. தடிகள் அயலுக்குக் கதியாலாகின்றன.

2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது முழங்காலளவு தண்ணீர் நின்றது. பூவரசு வேலி அசையவில்லை. இன்று பலர் மதில் கட்டுகிறார்கள், தகரம் அடிக்கிறார்கள். அது அவரவர் வசதி. ஆனால் தண்ணீர் போக வழிவிடாத மதில் அயலவரின் வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்பும். உயிர்வேலி மனிதரை மறைக்கும், தண்ணீரை மறிக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மீளக் கையளிக்கப்பட்ட காணியில் அலவாங்கு போடுமுன், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடந்தானா என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். வெள்ளம் மண்ணை அரித்து எதையாவது வெளியே கொண்டுவந்தால் தொடவேண்டாம். பிள்ளைகளை விலக்கி, வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள்.

ஆச்சி இப்போது இல்லை. நான் வெட்டிக் கொடுத்த கதியால்கள் இந்த ஒழுங்கையில் நாலு வளவுகளில் தளிர்த்து நிற்கின்றன. அவற்றில் ஒன்று என் மூத்த மகளின் வளவு.