குறைவது டி3, நோய் ஈரலில்

தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யாத சிலருக்கு டி4 என்னும் தைராக்ஸினை மட்டும் கொடுத்து, அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தார்கள் பிரேவர்மன், இங்பர், ஸ்டெர்லிங் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள். கொடுக்காத டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனும் ரத்தத்தில் இருந்தது. சுரப்பியின் உதவியில்லாமலே மனித உடம்பு டி4-ஐ டி3 ஆக மாற்றிக்கொள்கிறது என்பது 1970-ல் இப்படித்தான் உறுதியானது.

கழுத்திலுள்ள சுரப்பி பெரும்பாலும் வெளிவிடுவது நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி4. அதில் ஓர் அயோடினைக் கழற்றினால் கிடைப்பது டி3. செல்லுக்குள் புகுந்து வேலை வாங்குவது முக்கியமாக இந்த டி3தான். அன்றாடம் உருவாகும் டி3-ல் சுமார் 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, ஈரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் தயாராகிறது. தைராய்டு என்றதும் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் நாம், வலது விலாவுக்கடியில் இருக்கும் ஈரலை நினைப்பதேயில்லை.

அயோடினைக் கழற்றும் நொதி ஈரல் செல்களில் நிறைய உண்டு. அது இயங்கச் செலினியம் வேண்டும். சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோயில் அந்த நொதியின் வேலை மந்தமாகிறது. டி3 குறைகிறது. அதே டி4-லிருந்து வேறோர் இடத்து அயோடின் கழன்றால் உண்டாவது ரிவர்ஸ் டி3. அதனால் உடம்புக்கு எந்த வேலையும் நடக்காது. நல்ல ஈரல் அதை உடைத்து அப்புறப்படுத்திவிடும். நொந்த ஈரலால் அது முடிவதில்லை, ஆகவே ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. நோய் முற்ற முற்ற டி3 மேலும் இறங்குவதை மருத்துவர்கள் பல காலமாகக் கவனித்து வருகிறார்கள். டி3 மிகவும் தாழ்ந்திருந்தால், ஈரல் பெரிதும் பழுதடைந்திருக்கிறது என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சிரோசிஸ் நோயாளிக்கு அசதி, கால்வீக்கம், தூக்கக் கலக்கம், மந்த புத்தி எல்லாம் வரும். தைராய்டு குறைந்தவருக்கும் ஏறக்குறைய இவையே வரும். பரிசோதனை அறிக்கையில் டி3-க்கு எதிரே தடித்த எழுத்து வேறு. பார்த்த குடும்பத்தார், "தைராய்டும் போயிடுச்சா டாக்டர்?" என்று பதறுவது நியாயமே. ஆனால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் மூலம் சொல்வதையும் கேட்க வேண்டும். தைராய்டு சுரப்பியே பழுதாகியிருந்தால் டிஎஸ்எச் கிடுகிடுவென ஏறும். ஈரல் நோயால் வரும் டி3 குறைவில் அது இயல்பாகவோ, சற்றே கூடுதலாகவோ நிற்கும். சுரப்பி நலமாக இருந்தும் அளவுகள் மாறும் இந்த நிலை, ஈரல் நோயில் மட்டுமல்ல, வேறு கடும் நோய்களிலும் பட்டினியிலும் வருவது.

டி3 குறைவது உடம்பின் தற்காப்பு என்று கருதும் நிபுணர்கள் உண்டு: எரிபொருள் செலவைக் குறைத்துத் தசையைக் காத்துக்கொள்ளும் முயற்சி. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. சிரோசிஸ் நோயாளியின் தசை ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும். அவருக்குத் தேவையில்லாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால் தசை இன்னும் கரையும், இதயம் படபடக்கும். இந்த வகை டி3 குறைவுக்கு ஹார்மோன் கொடுப்பதால் தெளிவான பலன் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே தைராய்டுக்கென வேறு சான்று இல்லாதபோது, டி3 எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். சிகிச்சை ஈரலுக்குத்தான். ஏற்கெனவே சுரப்பி பழுதாகி மாத்திரை எடுப்பவர்களோ, இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது.

எல்லா ஈரல் நோயும் அளவுகளைக் கீழே தள்ளுவதில்லை. ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோனில் 99 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டியே பயணம் செய்கிறது. அந்தப் புரதங்களைச் செய்வதும் ஈரல்தான். வைரஸால் திடீரென மஞ்சள் காமாலை வரும்போது, டி4-ஐச் சுமக்கும் முக்கியமான புரதம் ரத்தத்தில் பெருகும். மொத்த டி4 உயர்ந்து, தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோலத் தோன்றும். புரதத்தில் ஒட்டாத டி4 பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் ஈரல் நோயாளிக்கு மொத்த அளவைவிட, டிஎஸ்எச்-சும் ஒட்டாத டி4-ம்தான் கைகொடுக்கும்.

இரண்டு உறுப்பும் சேர்ந்தே பழுதாவதும் உண்டு. நோயெதிர்ப்பு ஆற்றலே பித்தக் குழாய்களைத் தாக்கும் ஒருவகை ஈரல் நோய் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. அவர்களில் பலருக்கு அதே காரணத்தால் தைராய்டும் சேதமாகிறது. அப்படிச் சேதமானவர்களுக்குத் தைராய்டு மாத்திரை அவசியம்.

தைராய்டு ஹார்மோனை வைத்தே ஈரலுக்கு வைத்தியம் செய்யும் வழியும் திறந்திருக்கிறது. ஈரல் செல்களில் இந்த ஹார்மோனை ஏற்கும் வாயில் பெரும்பாலும் பீட்டா வகை, இதயத்தில் ஆல்ஃபா வகை. இதயத்தை அதிகம் சீண்டாமல் பீட்டாவை மட்டும் குறிவைக்கும் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கு, 2024 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. கொழுப்பு படிந்து வீங்கி, ஓரளவு தழும்பேறிய ஈரலுக்கான மருந்து அது. சிரோசிஸ் வரை போய்விட்டவர்களுக்கு அந்த ஒப்புதல் பொருந்தாது.