தென்காசி ரயில் பாதையும் கிராமவாசிகளும்

“பெரிய வண்டிகள் வந்தன, நமக்கு என்ன வந்தது?” என்று தென்காசி வட்டாரத்துச் சங்க அங்கத்தினர் கேட்பதுண்டு. இதற்கு விடை காண, பாதையின் வரலாற்றைச் சிறிது அறிதல் அவசியம்.

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-லும், அங்கிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903-லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1904-ல் அது ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து புனலூர், கொல்லம் வரை இணைந்தது. 1927-ல் விருதுநகர்ப் பாதையும் தென்காசியை அடைந்தது. குற்றாலத்திற்கு நிலையம் இல்லை. சாரல் காலத்தில் நீராட வருவோர் தென்காசியில் இறங்கிச் சுமார் 5 கிலோமீட்டர் செல்லவேண்டும்.

இவை யாவும் மீட்டர் அளவுப் பாதைகளாக இருந்தன. அவற்றில் தண்டவாளங்களின் இடைவெளி சுமார் 3 அடி 3 அங்குலம்; அகலப் பாதையிலோ 5 அடி 6 அங்குலம். ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. இரண்டும் சந்திக்குமிடத்தில் பிரயாணிகள் வண்டி மாறவேண்டும். மூட்டைகளை இறக்கி ஏற்றவேண்டும். கூலி மிகும், காய்கறி வாடும். சென்னைப் பிரதான பாதை அகலமான பின், நம் பாதையும் மாறவேண்டியதாயிற்று.

அதன் பலன் மெய்யானதே. விருதுநகர்ப் பாதை 2004-ல் மாற்றப்பட்டபின், செங்கோட்டையிலிருந்து சென்னைக்கு நேர் வண்டி ஓடலாயிற்று. ஆயினும் வேலை நடந்த காலத்தில் பாதைகள் மூடப்பட்டன. திருநெல்வேலி–தென்காசிப் பாதை சில ஆண்டுகள் மூடியிருந்து 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. புனலூர் மலைப்பாதை 2010 செப்டம்பர் முதல் ஏழு ஆண்டுகளுக்கு மேல் மூடியிருந்து, 2018-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

பின்னர் 2020 மார்ச்சில் தொற்றுநோயை முன்னிட்டுப் பாஸஞ்சர் வண்டிகள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. மீண்டும் ஓடியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. கீழக்கடையத்திலிருந்து தென்காசிக்கு மாதம் 20 நாள் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவரை எண்ணுக. சீசன் சீட்டு இல்லையெனில், 400 ரூபாய் செலவு 1,200 ரூபாயாகும். சிறு குடும்பத்திற்கு 800 ரூபாய் அற்பமன்று.

ஆகவே, தொலைதூர வண்டிகளால் மட்டும் கிராமம் பயனடையாது. கீழ ஆம்பூர், ஆழ்வார்க்குறிச்சி, பாவூர்ச்சத்திரம் போன்ற நிலையங்களில் உரிய நேரத்தில் நிற்கும் சிறு வண்டியே நமக்கு உயிர்நாடி. ஆனால் இது ஒற்றைப் பாதை. ஒரு வண்டி வழிவிட மற்றொன்று நிலையத்தில் காத்திருக்கவேண்டும். ஒரு நிறுத்தம் கூடினால் பல வண்டிகளின் நேரம் மாறக்கூடும். “எங்கள் ஊரில் நிறுத்துக” என்று மட்டும் எழுதும் மனு பயன்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கது யாதெனில்: ஒரு மாதம், எந்த நேரத்திற்கு எத்தனை பேர், எங்கே, என்ன காரியத்திற்குச் செல்கின்றனர் என்பதை ஒரு நோட்டில் குறித்து வருக. அக்கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுக. அண்டை ஊர்ச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு அனுப்புக. ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழுவினருக்கும் பிரதி அளித்தல் நலம்.

தனியொருவர் முறையீடு எளிதில் மறக்கப்படும். பல ஊரார் கணக்குடன் ஒன்றுகூடிக் கேட்பதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கடனுக்கும் விதைக்கும் ஒன்றுபட்ட நாம், ரயிலுக்கும் ஒன்றுபடலாமன்றோ?